சவரிமுத்துவின் முதல் கேள்வி

உட்காருங்க டீச்சரம்மா. அந்த பெஞ்சு ஆடும், இதுல உட்காருங்க. பையை இப்படி வைங்க. மாஸ்டர், ரெண்டு டீ. ஒண்ணுல சர்க்கரை கம்மி. உங்களுக்குக் கம்மிதானே? முகத்தைப் பார்த்தாலே சொல்லிருவேன். இத்தனை வருஷமா முகத்தைப் பார்த்துத்தானே என் பொழைப்பு ஓடுது.

இல்லம்மா, அவசரமே இல்ல. அப்பா நல்லா இருக்காரு. இப்ப போனாலும் உள்ள விடமாட்டாங்க, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற நேரம். அந்தா, வேப்பமரத்துக்கு அடியில நிக்குது பாருங்க வெள்ளை வண்டி, அது நம்ம ஆஸ்பத்திரி வண்டிதான். டிரைவர் உள்ளயேதான் இருக்கான். ஏறி உட்கார்ந்தா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிரலாம். முதல்ல ஒரு வாய் டீ குடிங்க. ஓசூர்ல இருந்து பஸ்ல வந்திருக்கீங்க, ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. போன் அணைஞ்சு கிடக்கா? கொடுங்க, மாஸ்டர்கிட்ட சார்ஜ் போடச் சொல்றேன். அதுக்கும் கொஞ்சம் உயிர் வரட்டும்.

தனியாத்தான் வந்தீங்களா? சரி, சரி.

என் பேர் சவரிமுத்து. ஆஸ்பத்திரியில மக்கள் தொடர்பு. அட்டையைப் பார்த்திருப்பீங்களே, கழுத்துலயே தொங்குது.

என் போன்தான் அடிக்குது, கிடக்கட்டும். அந்த டாக்டர் பொண்ணுதான், நிவேதிதா. ஐசியூல டூட்டி. நல்ல பொண்ணு, படிச்ச பொண்ணு, ஆனா எல்லாத்துக்கும் அவசரம். போனை இப்படிக் குப்புறப் போட்டுரணும். ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கும்போது போனை எடுக்கக்கூடாது. முன்னாடி உட்கார்ந்திருக்கிற மனுஷன்தான் முக்கியம். எங்களுக்கு கிளாஸ்லயே சொல்லிக் கொடுத்தாங்க. சொல்றேன் அதையும்.

ஏன் போன்லயே விவரம் சொல்லலன்னு பஸ்ஸை விட்டு இறங்கினதும் கேட்டீங்கள்ல? நியாயமான கேள்வி. நிவேதிதா டாக்டர் போன்லயே எல்லாத்தையும் சொல்லிரலாம்னுதான் நின்னுச்சு. நான்தான் தடுத்தேன். "டாக்டர், உடனே கிளம்பி வாங்கன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்"னு சொன்னேன். ஏன்னா, போன்ல சொல்லி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டீயைக் குடிங்கம்மா, ஆடை கட்டுது.

நான் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடி பேப்பர்ல பகுதிநேர நிருபர். திண்டுக்கல், நத்தம், வேடசந்தூர், இந்த வட்டாரம் பூராவும். விபத்து, தீ, கிணத்துல விழுந்த கேசு. செத்தவங்க வீட்டுக்குப் போயி போட்டோ வாங்கிட்டு வரணும். மாருல அடிச்சிக்கிட்டு அழுகிற பொம்பளைகிட்ட கல்யாண ஆல்பத்தைக் கேட்டு வாங்கிட்டு வர்றது லேசுப்பட்ட காரியம் இல்லம்மா. நான் வாங்கிட்டு வந்திருவேன். அழுகையை நிறுத்தி, மூக்கைச் சிந்தி, பீரோவைத் திறந்து அவங்களே எடுத்துக் கொடுப்பாங்க. அதைக் கேள்விப்பட்டுத்தான் எங்க பெரிய டாக்டர் கூப்பிட்டு விட்டாரு. "சவரி, எங்க டாக்டருங்களுக்கு வைத்தியம் தெரியும், வாய் தெரியாது. நீ வந்திரு"ன்னாரு.

அப்படித்தான் இந்த வேலை. டாக்டர் கையை விரிச்சதும் சொந்தக்காரங்களுக்குச் சொல்றது நான். சாவைச் சொல்றதுக்கு ஒரு முறை இருக்குங்க. எடுத்த எடுப்புலயே சொல்லிரக்கூடாது. என் முதல் கேள்வி என்ன தெரியுமா? "பக்கத்துல யாரு இருக்கா?" அவ்வளவுதான். எதுக்கும் முன்னாடி அதைக் கேட்பேன். தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும்ல? வீட்ல யாராச்சும் இருந்தா போனை அவங்ககிட்ட கொடுக்கச் சொல்லுவேன். இல்லைன்னா ஆள் வர்ற வரைக்கும் வேற பேச்சு பேசிக்கிட்டே இருப்பேன். மழை, வெயில், பிள்ளைங்க படிப்பு, எது கிடைக்குதோ அது. நானாக் கண்டுபிடிச்சது அது. முன்னாடி ஒரு தடவை கேட்காமச் சொல்லிட்டேன், நத்தம் பக்கம். அந்தம்மா கிணத்து மேட்டுல நின்னு போன் பேசிக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு எப்படித் தெரியும்? விடுங்க, அது வேற கதை.

ஆனா அந்தக் கேள்வி பிரபலமாயிருச்சு. வத்தலக்குண்டுல இருந்து வேடசந்தூர் வரைக்கும் தெரியாத ஆள் இல்ல. நான் யாருக்காச்சும் சும்மா போன் போட்டாக்கூட, "அண்ணே, பக்கத்துல யாருமில்ல, நீ பாட்டுக்கு எதையாச்சும் சொல்லி என்னைக் கொன்னுறாதே"ம்பாங்க. இந்த மாஸ்டரே சொல்லுவாரு. என்ன மாஸ்டர்? பாருங்க, சிரிக்கிறாரு. என் வீட்டுக்காரிக்குப் போன் பண்ணி, பையன் பக்கத்துல இருக்கானான்னு கேட்டேன். அவ ஓன்னு கத்திட்டா. அவங்க அப்பன் ஊருல கல்லு மாதிரி இருக்காரு, அவருக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு. சம்பாதிச்ச பேருங்க அது. ஊர் பூரா ஒருத்தன் குரலை அடையாளம் தெரிஞ்சு வச்சிருக்குன்னா சும்மாவா?

இருங்க, மறுபடியும் அடிக்குது. அடிச்சு ஓயட்டும்.

நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. இருங்க, நான் இதை முடிச்சுடறேன். முடிச்சுட்டா உங்க கேள்விக்கே பதில் கிடைச்சிரும்.

பெரியநாயகம்னு ஒருத்தர். சாணார்பட்டிப் பக்கம் மர டிப்போ. வாட்டசாட்டமான ஆளு, நெஞ்சு வலின்னு வந்து சேர்ந்தாரு. ஆபரேஷன் முடிஞ்சும் கண்ணு முழிக்கல. ரெண்டு பையனும் வந்து பார்த்துட்டு, பார்த்துட்டு, வீட்டுக்குப் போயிட்டாங்க. இனி தேறாதுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க, யாரும் சொல்லல. ஒருநாள் காலைல மனுஷன் கண்ணைத் திறந்தாரு. தண்ணி கேட்டாரு. அப்புறம், "பெரியவன் எங்க?"ன்னாரு. வார்டே சந்தோஷப்பட்டுச்சு. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "சவரி, நீயே சொல்லு. எப்பவும் கெட்டதையே சொல்ற, இன்னைக்கு ஒரு நல்லதைச் சொல்லிக்கோ"ன்னாரு.

போன் போட்டேன். பெரிய பையன் எடுத்தான். "தம்பி, சவரிமுத்து பேசறேன், ஆஸ்பத்திரியில இருந்து"ன்னேன். நான் என்ன பண்ணினேன், எப்பவும் போல, "பக்கத்துல யாரு இருக்கா?"ன்னேன்.

அதுல என்னங்க தப்பு? சந்தோஷச் செய்தின்னாலும் கேட்கணும்ல? சந்தோஷத்துலயும் மயங்கி விழறவங்க இருக்காங்க.

போனைப் போட்டுட்டான். கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு. பின்னாடியே "ஐயோ அப்பா"ன்னு ஒரு குரல். அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், அப்புறம் நாலஞ்சு. நான் போனை வைக்கல பாருங்க. வேலைன்னா வேலை. "தம்பி, அப்பா முழிச்சுட்டாரு, உங்களைத்தான் கேட்கறாரு, உடனே வாங்க"ன்னு தெளிவாச் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். போன் தரையில கிடந்துச்சு. அதுக்கு நான் பொறுப்பா? நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். கேட்டுக்க வேண்டியது அவங்க கடமை.

அங்க பெரியநாயகம் காத்துக்கிட்டு இருக்காரு. வாசல் கண்ணாடி வழியா யாரு வர்றாங்கன்னு தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கிட்டு. மதியம் ஆச்சு, யாரும் வரல. "கிளம்பிட்டாங்க, வந்துக்கிட்டு இருக்காங்க"ன்னு நான்தான் ஆறுதல் சொன்னேன். அவங்க எங்க வர்றது? அவங்களுக்குத்தான் எவ்வளவு வேலை! பந்தல்காரனுக்குச் சொல்லணும், ஐஸ் பெட்டிக்குச் சொல்லணும், மேளத்துக்குச் சொல்லணும், போஸ்டர் அடிக்கணும். செத்தவருக்கு என்ன அவசரம், எல்லா ஏற்பாட்டையும் முடிச்சுட்டுப் போயி தூக்கிட்டு வரலாம்னு இருந்துட்டாங்க.

சாயங்காலமா வந்தாங்க. பூ கட்டின வண்டி, பின்னாடியே வேன், வேன் நிறைய பொம்பளைங்க. வாசல்லயே ஒப்பாரி ஆரம்பிச்சாச்சு. செக்யூரிட்டி தடுக்கறான், யாரு கேட்கறா? மூத்த மருமக தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு, "எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே மாமா"ன்னு ஓடி வந்து கதவைத் தள்ளுச்சு. உள்ள மாமா சாய்ஞ்சு உட்கார்ந்து கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்காரு. சிஸ்டர் ஸ்பூன்ல ஊட்டுது.

ஒரு நிமிஷம் எல்லாம் நின்னுபோச்சு டீச்சரம்மா. அழுகை, பேச்சு, எல்லாம். அந்தப் பொம்பளை மாருல வச்ச கையை எடுக்கவே இல்ல. "அப்பா, நல்லா இருக்கீங்களா"ன்னு யாராச்சும் கேட்டிருக்கலாம். கேட்கல. சின்னவன்தான் வாயைத் திறந்தான். அண்ணன்காரனைப் பார்த்து, "அப்ப மேளக்காரங்களை என்ன பண்றது?"ன்னான்.

அவரு காதுல நல்லா விழுந்துச்சு. வாயில இருந்த கஞ்சியை முழுங்கவும் இல்ல, துப்பவும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, "போஸ்டர் ஒட்டியாச்சா?"ன்னாரு. பெரியவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஒட்டியாச்சுப்பா. கிழிச்சுடறோம்"ன்னான்.

கிழிச்சாங்க. பசை நல்ல பசை, பாதிதான் வந்துச்சு. வீட்டுக்குப் போனப்போ அவரு டிப்போ சுவத்துலயே, மேல பேரும் வயசும் மட்டும் இருக்க, கண்ணுக்குக் கீழ ஒண்ணுமில்லாம அவரே அவரைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்காரு. "வயசைத் தப்பாப் போட்டிருக்கானுங்க"ன்னாராம். அதுதான் அவரு கடைசியாப் பேசின முழு வார்த்தை. அப்புறம் ஒரு வருஷம் போல உயிரோட இருந்தாரு. யார்கிட்டயும் பேசல. பேச முடியாம இல்ல, பேசல. நிஜமாவே போனப்போ மறுபடி நான்தான் போன் போட்டேன். எனக்கு ரோஷம், அந்தக் கேள்வியைக் கேட்கல. நேராச் சொன்னேன். பெரியவன் என்ன கேட்டான் தெரியுமா? "அண்ணே, இந்தத் தடவை உறுதிதானே?"

சிரிக்க மாட்டீங்களா? பரவாயில்ல. எல்லாரும் இந்த இடத்துல சிரிப்பாங்க.

ஆனா பழி யாரு மேல வந்துச்சு? என் மேல. அவரு போனப்புறம் பழைய கதை பூரா போட்டோவோட பேப்பர்ல வந்திருச்சு, நான் வேலை பார்த்த அதே பேப்பர்ல. எனக்குக் கீழ வேலை கத்துக்கிட்ட பையன் எழுதினான். பெரிய டாக்டர் கூப்பிட்டு, "சவரி, இனிமே நீ போனைத் தொடாதே"ன்னுட்டாரு. இத்தனை சாவைச் சொன்னவன் நான். ஒருத்தர் பிழைச்சதைச் சொல்லி மாட்டிக்கிட்டேன் பாருங்க.

என்னடா? வண்டியை விட்டு ஏன் இறங்கி வர்ற? டாக்டரா? உன் நம்பருக்கா? வந்துட்டு இருக்கோம்னு சொல்லு. நான் பேசிக்கிட்டு இருக்கேன்னு சொல்லு. போ, போயி வண்டியில உட்காரு.

உட்காருங்கம்மா, நீங்க ஏன் எந்திரிக்கறீங்க? அவங்களுக்கு ஏதாச்சும் கையெழுத்து வேணும்னா இப்படித்தான் பறப்பாங்க. கையெழுத்து எங்க ஓடிரப்போகுது? இதோ முடிச்சுட்டேன்.

அப்புறம் சென்னையில இருந்து ஒருத்தர் வந்தாரு, கிளாஸ் எடுக்க. நோயாளிங்ககிட்டயும் சொந்தக்காரங்ககிட்டயும் எப்படிப் பேசணும்னு. சிஸ்டருங்க தூங்கினாங்க, டாக்டருங்க போனை நோண்டினாங்க. நான் ஒருத்தன்தான் முன் வரிசையில உட்கார்ந்து கேட்டேன். போனைக் குப்புறப் போடு. சரிசமமா உட்காரு. கண்ணைப் பார்த்துப் பேசு. அவசரப்படுத்தாதே. நின்னுக்கிட்டே சொல்லாதே, குடிக்க ஏதாச்சும் கொடு. எல்லாத்துக்கும் மேல, காது கொடுத்துக் கேளு, பேசறதை விடக் கேட்கறதுதான் பெரிசுன்னாரு. இருங்கம்மா, நான் சொல்லி முடிச்சுடறேனே. எனக்குத்தான் முதல் சர்டிபிகேட். மாட்டி வச்சிருக்கேன், வார்டுக்குப் போற வழியில பார்க்கலாம். அதுல இருந்து எனக்கு இந்த வேலை. வெளியூர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்களை பஸ் ஸ்டாண்டுலயே கூப்பிட்டு, உட்கார வச்சு, மனசைத் தயார் பண்ணி, உள்ள அனுப்பறது. தயாராகாத ஆளை நான் உள்ள விட்டதே இல்ல.

சரி, உங்க அப்பா கதைக்கு வர்றேன். அதுக்குத்தானே இவ்வளவு பேசினேன்.

பரமானந்தம் சார் பிடிவாதக்காரருங்க. கோவிச்சுக்காதீங்க. நீங்க பிடிச்சவரைக் கட்டிக்கிட்டதுல இருந்து பேச்சு இல்லைன்னு பக்கத்து வீட்டு ஆள் சொன்னாரு. அவருதான் கொண்டாந்து சேர்த்துட்டுப் போனாரு. சொந்தக்காரங்க நம்பர் கேட்டா, கண்ணை மூடிக்கிட்டு உங்க நம்பரை மனப்பாடமாச் சொல்றாரு உங்க அப்பா. போன்ல இல்ல, எதுலயும் இல்ல, வாயாலயே சொல்றாரு. "கூப்பிடறது உண்டா?"ன்னு கேட்டேன். "ஒரு தடவை கூட இல்ல"ன்னாரு. பாருங்க, இந்த மாதிரி ஆளு.

இன்னைக்குக் காலைல மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுட்டு, "என் மக வந்ததும் அவகிட்ட ஒண்ணு சொல்லணும்"ன்னாரு. மூச்சு இழுக்குது, ஆனாலும் சொல்றாரு. நான் பக்கத்துல போயி, சரிசமமா உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, "சொல்லுங்க சார், நான் சொல்லிடறேன், அதுதான் என் வேலை"ன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. "அவகிட்டதான்"னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எத்தனை பேரு என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காங்க! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் நான் பக்குவமா உங்ககிட்ட எடுத்துச் சொல்லியிருப்பேன்ல?

இல்ல, நல்லாத்தான் இருக்காரு. மூச்சுதான் கொஞ்சம் திணறுது. தொண்டைக்குள்ள குழாய் போட்டு மிஷின்ல விடணும்னு டாக்டர் பொண்ணு சொல்லுது. போட்டுட்டா பேச முடியாது. அதுக்காகத்தான், பொண்ணு வந்து ரெண்டு வார்த்தை பேசட்டும், அது வரைக்கும் எப்படியாச்சும் தள்ளறேன், பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா கூட்டிட்டு ஓடி வாங்கன்னுச்சு. ஓடி வாங்களாம்! ஓடிப் போயி, வேர்த்து விறுவிறுத்து, மனசு ஒரு நிலையில இல்லாம, இத்தனை வருஷம் பேசாத அப்பாகிட்ட என்னத்தைப் பேசுவீங்க? அதுக்குத்தான் உங்களை இப்படி...

அம்மா. அம்மா, இருங்க. ரவுண்ட்ஸா? அது நான் எல்லார்கிட்டயும் சொல்றதும்மா. அப்படிச் சொன்னாத்தான் உட்காருவாங்க. கத்தாதீங்க, ரோட்டுல எல்லாரும் பார்க்கறாங்க. கையை விடுங்க, சட்டை கிழியுது. சரி, எடுக்கறேன். எடுக்கறேம்மா போனை.

சொல்லுங்க டாக்டர்... ஆமா, வந்துட்டாங்க. வந்து நேரமாச்சு... இங்கதான், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல... இல்ல டாக்டர், நான் பேசிக்கிட்டு இருந்தேன், அதான் எடுக்கல... குழாய் போட்டாச்சா?... போடலையா?... ஓ... எப்ப?... சரி... ஏதாச்சும் சொன்னாரா?... வாசலையேவா?... சரி. சரிங்க டாக்டர். இல்ல, நீங்க சொல்ல வேண்டாம். நான் பார்த்துக்கறேன்.

மாஸ்டர், அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க. இன்னொரு டீ போடுங்க.

உட்காருங்கம்மா. பையைக் கீழ வைங்க. வண்டி நிக்கும், அது எங்கயும் போகாது. இனிமே அவசரம் ஒண்ணும் இல்ல.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே.

நீங்க தனியா இறங்கினதை நானே பார்த்தேன். இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, கேட்டுத்தான் ஆகணும். டீச்சரம்மா, உங்க பக்கத்துல யாரு இருக்கா?